பூமாலைக்குள் இருந்த பச்சை வயர்

தம்பி,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து போய், பட்டறைச் சுவரில் இருக்கிற பெரிய சுவிச்சை நிற்பாட்டு. பியூசைக் கழற்றி உன் சட்டைப் பைக்குள் போடு. மரம் அரிகிற அந்த வாள் மெசினுக்குக் கிட்டவும் போக வேண்டாம் என்று தவமணியிடம் சொல். நீயும் போகாதே. அதற்குப் பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து மிச்சத்தை ஆறுதலாக வாசி.

செய்துவிட்டாயா? செய்திருக்கமாட்டாய். உன்னைப் பெற்றவளுக்கு உன்னைத் தெரியாதா? "அம்மாவுக்கு என்ன விசரே" என்று சிரித்துக்கொண்டு அடுத்த வரிக்கு வந்திருப்பாய். சுருக்கமாகச் சொன்ன எதையும் நீ ஒருநாளும் கேட்டதில்லை. காரணம் கேட்பாய், காரணம் சொன்னால் அதற்கும் ஒரு காரணம் கேட்பாய். அதனால்தான் இதை நீட்டி எழுதுகிறேன். எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லை. உன் கலியாண வீடு முடிந்து நாங்கள் ஒட்டுசுட்டானுக்குத் திரும்பிய அன்று பின்னேரம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. குளம் நிரம்பி வான் பாய்கிறது. மாங்குளம் றோட்டில் அந்தப் பதிந்த பாலம் தண்ணீருக்குள் கிடக்கிறது. பஸ்ஸும் இல்லை, தபாலும் இல்லை. பக்கத்துக் காணிச் செல்லையா மட்டும், தண்ணீர் கொஞ்சம் வடிந்தால் டிராக்டரை விட்டுப் பார்ப்பேன் என்கிறான். மாங்குளத்தில் பரந்தன் பக்கம் போகிற பஸ் கொண்டக்டரிடம் இதைக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் உன் கையில் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. ஏன் வெள்ளிக்கிழமை என்று சொல்கிறேன், கேள்.

அந்த மெசினை நாங்கள் சீதனமாகக் கேட்கவில்லை என்பது உனக்குத் தெரியும். மருமகன் தச்சுப் பட்டறை போடப்போகிறான், பரந்தனில் அந்தத் தெருவுக்குக் கறண்டும் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் தவமணியின் அப்பா, உன் மாமா, தானாகவே வாக்குக் கொடுத்தார். நல்ல மனிதர், அவரில் நான் குற்றம் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் ஏற்றி அனுப்பினார். லொறி ஆனையிறவில் பழுதாகி மழைக்குள் நின்றதும், மேலே போட்டிருந்த படங்கு கிழிந்திருந்ததும் உனக்கு நினைவிருக்கும். மெசின் வந்து இறங்கியபோது அதன் மூலை முடுக்கெல்லாம் தண்ணீர் வடிந்தது. நீ பழைய சாரம் ஒன்றை எடுத்து, பிறந்த குழந்தையைத் துடைக்கிற மாதிரித் துடைத்தாய். வெளியே துடைக்கலாம் தம்பி. உள்ளே போன ஈரத்தை யார் துடைத்தது?

மெசினை முதன்முதல் ஓட்டுகிற நல்ல நேரம் முடியப் போகிறது என்று அன்றைக்கு எல்லோரும் பறந்தார்கள். நானும் பறந்தேன். உன் மாமாவின் மைத்துனர் வயர் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த மனிதரைத் தண்ணீர் குடிக்கக்கூட விடாமல், "நேரம் போகுது, நேரம் போகுது" என்று அதிகமாகக் கத்தியது நான்தான். மெசினிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு வயர் மட்டும் எங்கேயும் போய்ச் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. "இதை என்ன செய்யிறது?" என்று நீதான் கேட்டாய். அவர் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. "அது ஏர்த் வயர். நிலத்துக்குள்ள குழாய் அடிச்சுக் கட்ட வேணும். மெசின் ஓடுறதுக்கு அது தேவையில்லைத் தம்பி. இப்ப நேரத்துக்கு ஓட்டுங்கோ, நாளைக்கு அடிச்சு விடுறன்." சொல்லிவிட்டு அந்த வயரைச் சுருட்டி மெசினின் காலில் கட்டினார். மறுநாள் அவர் ஊருக்குப் போய்விட்டார். ஒருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. சுருட்டிக் கிடந்த வயர் பார்க்க வடிவாக இல்லை என்று, மிஞ்சியிருந்த பூமாலையை அதற்கு மேலே போட்டு மறைத்தவள் உன் அம்மாதான். இப்போதும் அந்த வாடிய மாலைக்குள்ளேதான் அது கிடக்கும். போய்ப் பார்.

நிறைகுடம் வைத்து, விளக்கேற்றி, ஐயர் தண்ணீர் தெளித்து முடித்ததும் என்னைப் பொட்டு வைக்கச் சொன்னார்கள். நான் அப்போதுதான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு வந்திருந்தேன். கையும் ஈரம், காலும் ஈரம், கீழே சீமெந்து நிலம். இடக்கையில் தட்டு. வலக்கை விரலில் சந்தனத்தைத் தொட்டு மெசினின் நெற்றி மாதிரி இருந்த அந்த இரும்பில் வைத்தேன். வைத்ததுதான் தெரியும். யாரோ முழங்கைக்குள் உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. தோள்மூட்டு வரை ஏறி, நெஞ்சை ஒருமுறை பிடித்துவிட்டது. தட்டு கையை விட்டுப் போய்விட்டது.

தட்டு விழுந்த சத்தத்துக்கு எல்லோரும் திரும்பிப் பார்த்தீர்கள். குங்குமம் நிலம் முழுக்கச் சிந்திக் கிடந்தது. தவமணியின் முகம் வெளுத்துப் போனதை நீ கவனித்தாயோ தெரியாது, நான் கவனித்தேன். உன் அப்பாவின் தங்கைக்காரி, அதுதான் உன் அத்தை, வாயில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளின் காதுக்குள் குனிந்தா. என்ன சொல்லப் போகிறா என்று எனக்குத் தெரியும். புதுப்பெண் வீட்டுக்குள் கால் வைத்த கையோடு மாமியின் கையிலிருந்து குங்குமத் தட்டு விழுந்தது என்றால், அந்தப் பிள்ளை கிழவியாகும் வரைக்கும் அந்தக் கதை அவளுக்குப் பின்னால் நடக்கும். பட்டறையில் ஓர் ஆணி வளைந்தாலும் அவளுடைய கால் ராசி என்பார்கள். அதனால் நான் சிரித்துக்கொண்டு, "ஒண்டுமில்லை, எண்ணெய்க் கை, வழுக்கிப் போச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். உண்மையில் என்ன நடந்தது என்று எனக்கே அப்போது தெரியாது. எங்கள் வீட்டில் கறண்ட் இல்லை, அது அடித்தால் எப்படி இருக்கும் என்று நான் எங்கே கண்டேன்? கலியாணத்துக்கு விரதம் இருந்த களைப்பு, இல்லாவிட்டால் பழைய வாதம் என்று நினைத்தேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். அந்தப் பிள்ளையின் முகத்தைத் தெளியவைக்க வேண்டும் என்று இன்னும் ஒன்று செய்தேன். அவளைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "பிள்ளை, இனி இது உம்முடைய பொறுப்பு. வெள்ளிக்கிழமை விடிய, தலை தோய்ஞ்சிட்டு, இவன் வேலை துவங்க முதல் வந்து நீர்தான் பொட்டு வைக்க வேணும். அப்பதான் தொழில் விளங்கும்." அவள் தலையைக் குனிந்துகொண்டு "ஓம் மாமி" என்றாள். இங்கே கூரையில் மழை கொட்டுகிறது. அந்தச் சத்தத்துக்குள்ளும் எனக்கு அந்த "ஓம் மாமி"தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. வருகிற வெள்ளிதான் முதல் வெள்ளி. அவள் மறக்கமாட்டாள், மறக்கிற பிள்ளை இல்லை அவள். தலையில் ஈரம் சொட்டச் சொட்ட, செருப்பில்லாமல், நான் நின்ற அதே இடத்தில் வந்து நிற்பாள்.

இது கறண்ட் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். திரும்பி வரும்போது மாங்குளத்தில் முல்லைத்தீவு பஸ்ஸுக்காகத் தேத்தண்ணிக் கடையில் காத்திருந்தோம். கை இன்னும் உளைகிறது என்று உன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தட்டு விழுந்த கதையையும் அப்போதுதான் அவருக்கு ஒழுங்காகச் சொன்னேன். பக்கத்து வாங்கில் இருந்தபடி ஒருவர் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொக்கிளாய்க்காரர், வேதக்காரர், கழுத்தில் சிலுவை தொங்கியது. உங்கள் பக்கம் ஏதோ தொழிற்சாலையில் கறண்ட் வேலை செய்கிறாராம், லீவில் ஊருக்குப் போகிறார். சாப்பிட்டதை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அம்மா குறை நினைக்காதேங்கோ. மெசின் ஓடிக்கொண்டு இருந்ததோ, நிண்டதோ?"

"நிண்டது. பொட்டு வைச்சாப் பிறகுதானே ஓட்டினவை."

"மெசினுக்குப் பொட்டோ?" என்று ஒருமுறை சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அந்த நேரம் பட்டறைக்குள்ள லைற் எரிஞ்சதோ?" என்று கேட்டார்.

"ஓம், எரிஞ்சது."

"அப்ப பெரிய சுவிச் போட்டுத்தான் இருந்திருக்கு. உங்கட கால் ஈரமோ?"

"ஈரம்."

"மெசினில இருந்து நிலத்துக்கு ஒரு கம்பி போகுதோ அம்மா?"

பூமாலையை நினைத்தேன். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கின அளவுக்கு எழுதுகிறேன், பிழையிருந்தால் தெரிந்தவர்களைக் கேள். மெசினில் இருக்கிற சுவிச்சுப் பெட்டிக்குள்ளோ வேறெங்கோ ஈரம் போய், கறண்ட் இரும்புக்குக் கசிகிறது. பெரிய சுவிச் போட்டிருந்தால் போதும், மெசின் ஓடாமல் நின்றாலும் அதன் உடம்பு முழுக்கக் கறண்ட் நிற்கும். நிலத்துக்குக் கம்பி கட்டியிருந்தால் அந்தக் கறண்ட் அதன் வழியாக நிலத்துக்குப் பாய, பியூஸ் எரிந்து மெசின் செத்துப் போயிருக்கும். "மெசின் செத்தால் நல்லது அம்மா, ஆள் தப்பும்" என்றார். கம்பி இல்லாதபோது அது நிலத்துக்குப் போக வேறு வழி பார்த்துக்கொண்டு நிற்கும். ஈரக்காலோடு வருகிறவர்தான் அந்த வழி. நீ மெசினுக்கு முன்னால் கால் நோகாமல் இருக்கப் பலகை போட்டு, அதற்கு மேலே றப்பர்ச் செருப்போடு நிற்கிறாய். அதனால் உனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வருடம் வேலை செய்தாலும் தெரியாமல் போகலாம். "நான் ஒவ்வொரு நாளும் தொடுறன், எனக்கு அடிக்கேல்லையே" என்று நீ சொல்லப் போகிறாய் அல்லவா? அதையும் அவர் சொன்னார், அப்படித்தான் எல்லோரும் சொல்வார்களாம்.

உடனே திரும்பிப் போவோம் என்று நான் எழும்பினேன். உன் அப்பா கையைப் பிடித்து இருத்தினார். "இஞ்சேரும், சும்மா இரும். சம்பந்தி வீட்டார் தந்த சாமானில பழுதெண்டு, வந்த வழி ஆற முதல் திரும்பிப் போய்ச் சொல்ல ஏலுமோ? உம்மைப் பற்றி ஏற்கனவே என்ன கதைக்கினம் எண்டு தெரியும்தானே?" என்றார். தெரியும். கலியாணச் சாப்பாட்டில் பாயாசம் அடிப்பிடித்த மணம் என்று சொன்னேன். மணம்தான், சத்தியமாக மணம், ஆனால் மாப்பிள்ளையின் தாய் வாயால் அது வந்திருக்கக்கூடாது. அவர்கள் எனக்குத் தந்த சேலையின் கரை சிறிது என்றும் சொல்லிவிட்டேன். குற்றம் பிடிக்கிற சம்பந்தியம்மா என்று பெயர் எடுத்தாகிவிட்டது. தட்டு வழுக்கியது என்று நானே எல்லோருக்கும் முன்னால் சொன்னதையும் இப்போது மாற்றிச் சொல்ல வேண்டும். யார் நம்புவார்கள்? இப்படி நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முல்லைத்தீவு பஸ் வந்துவிட்டது. உன் அப்பா ஏறினார். நானும் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இங்கே வந்த நாள் முதல் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்து சேர்ந்ததும் மழை. மழைக்குப் பிறகு வெள்ளம்.

உன் அப்பாவைக் கோபிக்காதே. அவருக்கும் இப்போது விளங்கிவிட்டது. நான் சிவலைப் பசுவை நினைப்பூட்டினேன். உனக்கு அந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியிருந்த புதிதில், வயலுக்குள் பன்றி விழுகிறது என்று அவர் கரையில் கட்டுத்துவக்குக் கட்டினார். பன்றி கம்பியில் தட்டுப்பட்டால் வெடிக்கிற துவக்கு. வயலுக்குப் போகிற எல்லோருக்கும் சொல்லியிருந்தார். ஆனால் விறகுக்குப் போகிற பெண்கள் வேறு பாதையால் வருவோம் என்பது அவருக்கு நினைவு வரவில்லை. ஒரு விடியப்புறம் நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, பசுவை முன்னால் விட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வந்தேன். பசு எனக்கு முன்னால் நடந்தபடியால் இன்றைக்கு நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், நீ வாசித்துக்கொண்டிருக்கிறாய். "நான் எல்லாருக்கும் சொன்னனானே" என்று உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எல்லாரும் என்றால் அவருக்கு ஆம்பிளைகள். கட்டினவனுக்குக் கம்பி எங்கே இருக்கிறது என்று தெரியும், அவன் தாண்டிப் போவான். தெரியாமல் அந்த வழி வருகிறவளுக்குத்தான் வெடி. இதை நான் சொன்னதும் உன் அப்பா எழும்பினார். குடையை எடுத்துக்கொண்டு பாலம் பார்க்கப் போனார். அன்றிலிருந்து விடிந்தால் போகிறார், மத்தியானம் போகிறார், பொழுதுபடப் போகிறார். நனைந்த கோழி மாதிரித் திரும்பி வந்து, "இன்னும் ஏறித்தான் நிக்குது" என்கிறார். மனிதரைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

இனி இந்தக் கடிதத்தை எழுத நான் ஏன் பயந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். செல்லையா கொண்டுபோகிறேன் என்று சொன்ன உடனேயே எழுதியிருக்கலாம். தாளை எடுத்து வைத்துவிட்டு எழுதாமல் இருந்தேன். சின்ன வயதில் உனக்கு நடக்கத் தெரிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. விளக்குச் சிமினியைக் காட்டி "சுடும், தொடாதே" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், சிமினியைப் பார்த்தாய், நேரே போய் உள்ளங்கையை வைத்தாய். கத்தினாய். புண் ஆறியதும், வேறொரு விளக்கு சுடுகிறதா என்று பார்க்கப் போனாய். உன் அப்பா பெருமையாகச் சிரித்தார். பிள்ளை எதையும் தானே பார்த்துத்தான் நம்புவான், பெரிய தொழிலாளி ஆவான் என்றார். ஆனாய், மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே வெடிப்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிறாய். எனக்கும் பெருமைதான். ஆனால் இந்தத் தாளுக்கு முன்னால் இருக்கிறபோது எனக்கு அந்தச் சிறிய உள்ளங்கைதான் தெரிகிறது. ஈரக்காலோடு தொட்டால் அடிக்கும் என்று எழுதினால் நீ என்ன செய்வாய்? செருப்பைக் கழற்றுவாய். கிணற்றடிக்குப் போய்க் காலை நனைப்பாய். "அம்மா சொல்றது உண்மையோ எண்டு ஒருக்கால் பாப்பம்" என்பாய்.

எழுதாவிட்டால் அவள். எழுதினால் நீ. இதற்கு நான் என்ன செய்ய? பரந்தன் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தால் ஓடிவந்து மெசினுக்குப் போகிற கறண்ட் வயரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். பிடுங்கத் தெரியாமல் பிடுங்கி நான் செத்தாலும் பரவாயில்லை, உங்களுக்குப் புத்தி வந்திருக்கும். இங்கே இருந்துகொண்டு ஒரு தாளையும் மைப்போத்தலையும் வைத்து நான் எப்படி உன் காலைப் பிடித்து நிறுத்துவது? எனக்கு விழுந்த அடி சின்ன அடி என்றார் அந்த மனிதர். அன்றைக்கு நான் பிடித்து அமத்தாமல் விரல் நுனியால் தொட்டேன், அதனால் கை உதறி விலகிவிட்டது. கை முழுவதாகப் பட்டால் விரல்கள் தாமாக மடங்கி இறுகப் பிடித்துக்கொள்ளுமாம். பிடித்தவனை இழுக்கப் போகிறவனையும் விடாதாம். நீ தொட்டுப் பார்த்தால், பக்கத்தில் நிற்கிற தவமணி சும்மா பார்த்துக்கொண்டு நிற்பாளா?

பார்க்கத்தான் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. கைப்பிடி சுற்றிப் பார்க்கிற ஒரு பெட்டி இருக்கிறதாம். கறண்டை முழுதாக நிற்பாட்டி வைத்துவிட்டு, அந்தப் பெட்டியை வயரில் கொழுவிச் சுற்றினால் கசிவு இருக்கிறதா இல்லையா என்று முள் காட்டுமாம். பரந்தன் சந்தியில் கேட்டால் அது வைத்திருக்கிற, லைசன்ஸ் உள்ள ஆளைக் காட்டுவார்களாம். அவரைக் கூப்பிடு. உன் மரவேலையில் வேறொருவன் வந்து கை வைத்தால் உனக்குக் கோபம் வராதா? அதுபோல இது அவருடைய வேலை, நீ உளியை எடுத்துக்கொண்டு முன்னால் நிற்காதே. ஏர்த் கட்டினால் மட்டும் போதாது, கசிவையும் தேடித் திருத்த வேண்டும் என்று அந்த மனிதர் இரண்டு தரம் சொன்னார். குழாயை நிலத்துக்குள் ஆழமாக இறக்க வேண்டும், சுற்றிக் கரியும் உப்பும் போட்டு ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். பச்சை வயர் மெசினில் பூட்டுகிற இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டி, இரும்பு தெரியப் பூட்ட வேண்டும். சிலர் சோம்பலில் அந்த வயரை முட்கம்பி வேலியில் கட்டிவிடுவார்களாம். பிறகு வேலியில் சேலை காயப்போடுகிறவள் சாவாள். பியூஸ் எரிந்தால் எரியட்டும், தடித்த கம்பி போட்டு அதன் வாயை அடைக்காதே. நிலத்தில் மரத்தூளுக்குள் புதைந்து கிடக்கிற வயரை எடுத்துச் சுவரோடு ஏற்று. பெரிய சுவிச் இருக்கிற இடமும் சரியில்லை, வாளில் கை மாட்டினால் எட்டி நிற்பாட்ட முடியாத தூரத்தில் இருக்கிறது. வாளுக்கு மேல் வருகிற மூடியை நீ கழற்றி மூலையில் வைத்திருந்ததையும் நான் கண்டேன். அதையும் பூட்டு. குற்றம் பிடிக்கிறவளுக்குக் கண்ணில் எல்லாம் படும்.

உன் மாமாவிடம் என்ன சொல்வது என்று நீ யோசிப்பாய். அவர் தந்த மெசின் பழுது, அவருடைய மைத்துனர் செய்த வேலை குறை என்று சொன்னால் அந்த மனிதரின் முகம் வாடும். தவமணி இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று அழுவாள். அதனால் அப்படிச் சொல்லாதே. என் பெயரைச் சொல். "அம்மா ஒரே பிடியாய் நிக்கிறா, ஆளைக் கூப்பிட்டு எல்லாத்தையும் கழட்டிப் பூட்டாட்டி இந்த வீட்டில தண்ணி வென்னியும் குடிக்கமாட்டாவாம்" என்று சொல். பாயாசத்தில் குற்றம் பிடித்தவள், சேலைக் கரையில் குற்றம் பிடித்தவள், மெசினிலும் பிடிக்கிறாள் என்று நம்பிவிடுவார்கள். ஒருவரும் அதிசயப்படமாட்டார்கள். உன் அத்தை நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லுவா. சொல்லட்டும். என் கெட்ட பெயர் ஒருநாளாவது என் பிள்ளைகளுக்கு உதவட்டும். அந்த ஏச்செல்லாம் என் தலையில் விழுந்து என்னோடு மண்ணுக்குள் போகட்டும், நான் தாங்குவேன். மற்றதை என்னால் தாங்க முடியாது.

செல்லையா டிராக்டரை எடுத்துவிட்டான், சத்தம் கேட்கிறது. உன் அப்பா படலையில் நின்று கையைக் காட்டுகிறார். தண்ணீர் வடிந்ததா, அல்லது அவர்தான் செல்லையாவைக் கெஞ்சிக் கிளப்பினாரா என்று தெரியவில்லை. இந்தக் கடிதம் பாலத்தைத் தாண்டுமா, கொண்டக்டர் மறக்காமல் கொடுப்பாரா, நீ முதல் பந்தியில் சொன்னதைச் செய்தாயா, ஒன்றும் எனக்குத் தெரியப்போவதில்லை. வெள்ளிக்கிழமை நான் இங்கே விளக்கேற்றிவிட்டு அதற்கு முன்னால் இருப்பேன். அவ்வளவுதான் என்னால் முடியும்.

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் என்று சொன்னேன். அதை நான் கேட்க மாட்டேன், நீ எழுது. சனிக்கிழமை எழுது.

உன்னை நம்பி நான் இருக்கவில்லை. நீ தொட்டுப் பார்க்கிற பிள்ளை. இந்தக் கடிதத்தைத் தவமணியிடம் கொடு, அவள் வாசிக்கட்டும். பிள்ளை, தவமணி, உமக்குத்தான் எழுதுகிறன். மாமி அண்டைக்குச் சொன்னது பிழை. வெள்ளிக்கிழமை அந்த மெசினைத் தொடக்கூடாது, இவனையும் தொட விடக்கூடாது. மாமி சொன்னது பிழை என்று மாமியே எழுதித் தந்த தாள் இது. எந்த மருமகளுக்கும் கிடைக்காதது. பத்திரமாக வைத்திருந்து, நான் வரும்போது என் முகத்துக்கு முன்னால் வாசித்துக் காட்டும்.

அம்மா